திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை: ஒரு கொள்கையின் வரலாறு

"திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை" என்பது கிறித்தவ இறையியலில், குறிப்பாகக் கத்தோலிக்க மரபில், 3ஆம் நூற்றாண்டு முதல் வழங்கிவரும் ஒரு கொள்கை வாக்கியம் ஆகும். கடவுள் மனிதர் அனைவரையும் அன்பு செய்கிறார் என்பதும், எல்லாரும் மீட்புப் பெற வேண்டும் என விரும்புகிறார் என்பதும் கிறித்தவத்தின் அடிப்படை நம்பிக்கைகள். ஆனால் வரலாறு முழுவதிலும் மனிதருள் பெரும்பாலோர் கிறித்தவர்களாக இருந்ததில்லை. இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்திப் பார்ப்பது என்ற கேள்வியே இவ்வாக்கியத்தின் வரலாறாக அமைந்துள்ளது.

தொடக்கத்தில் இவ்வாக்கியம் திருச்சபையை விட்டுப் பிரிந்தவர்களுக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கையாக இருந்தது. பின்னர், கிறித்தவம் அரச சமயமான பிறகு, திருச்சபையில் ஒருபோதும் சேராதவர்கள் மீதான தீர்ப்பாக மாறியது. 20ஆம் நூற்றாண்டில், வாக்கியம் கைவிடப்படாமலேயே அதன் பொருள் புதிதாக விளக்கப்பட்டது.

விவிலியப் பின்னணி

இக்கேள்வியின் இரு பக்கங்களுக்கும் புதிய ஏற்பாட்டிலேயே சான்றுகள் உள்ளன. இயேசுவின் வழியாக அன்றி எவரும் தந்தையிடம் வருவதில்லை என யோவான் நற்செய்தி (14:6) கூறுகிறது. இயேசுவின் பெயரைத் தவிர மீட்பளிக்கும் வேறு பெயர் இல்லை எனப் பேதுரு அறிக்கையிடுவதாகத் திருத்தூதர் பணிகள் நூல் (4:12) குறிப்பிடுகிறது. நீராலும் தூய ஆவியாலும் பிறந்தாலன்றி ஒருவர் இறையாட்சிக்கு உட்பட இயலாது என்ற கூற்றும் (யோவான் 3:5) திருமுழுக்கின் தேவைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது.

மறுபக்கத்தில், எல்லா மனிதரும் மீட்புப் பெறவேண்டும் என்பது கடவுளின் விருப்பம் எனத் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம் (2:4) உரைக்கிறது. உரோமைப் படைத்தலைவரான கொர்னேலியுவின் வீட்டில், எந்த இனத்தவராயினும் தமக்கு அஞ்சி நேர்மையாய் நடப்பவரைக் கடவுள் ஏற்கிறார் எனப் பேதுரு உணர்கிறார் (திருத்தூதர் பணிகள் 10:34-35). திருச்சட்டத்தைப் பெறாத மக்களின் உள்ளத்திலும் அச்சட்டம் கோருவது எழுதப்பட்டுள்ளது எனப் பவுல் கூறுகிறார் (உரோமையர் 2:14-15). மத்தேயு நற்செய்தியின் இறுதித் தீர்ப்புக் காட்சியில் (25:31-46) பசித்தவருக்கு உணவளித்தார்களா, நோயுற்றவரைக் கவனித்தார்களா என்பதே அளவுகோலாகிறது.

இவ்விரு வகைப் பகுதிகளுள் எதன் ஒளியில் எதை வாசிப்பது என்பதில்தான் பிற்காலத்தவர் வேறுபட்டனர்.

தொடக்கத் திருச்சபையில்

2ஆம் நூற்றாண்டில் உரோமையில் கற்பித்த யுஸ்தின் என்ற மறைசாட்சி, இயேசுவுக்கு முன் வாழ்ந்தவர்களின் நிலை பற்றிய கேள்வியை எதிர்கொண்டார். கிறிஸ்து கடவுளின் வாக்கு என்றும், அவ்வாக்கின் வித்து மனித இனம் முழுவதிலும் ஊன்றப்பட்டுள்ளது என்றும் அவர் விளக்கினார். ஆகவே அவ்வாக்கின்படி வாழ்ந்த சாக்ரடீஸ், ஹெராக்ளிட்டஸ் போன்ற கிரேக்கர்களையும் கிறித்தவர் எனக் கருதலாம் என்றார்.

அடுத்த நூற்றாண்டில் சூழல் மாறியது. கி.பி. 250இல் பேரரசர் தேசியுஸ், பேரரசின் மக்கள் அனைவரும் உரோமைத் தெய்வங்களுக்குப் பலி செலுத்த ஆணையிட்டார். பல கிறித்தவர்கள் அஞ்சிப் பணிந்தனர்; துன்புறுத்தல் தணிந்ததும் திருச்சபைக்குத் திரும்ப விரும்பினர். அவர்களை ஏற்கலாமா என்ற பூசலில் உரோமையில் நொவாசியன் தலைமையில் ஒரு பிரிவு தனியே சென்றது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரிலும் பிளவு ஏற்பட்டது.

அந்நகரின் ஆயரான புனித சிப்ரியான் 251இல் திருச்சபையின் ஒற்றுமை பற்றி ஒரு நூல் எழுதினார். 256 அளவில் யுபாயானுஸ் என்ற ஆயருக்கு எழுதிய மடலில்தான் திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்ற வாக்கியம் இடம்பெறுகிறது. பிரிந்து சென்ற குழுக்கள் அளிக்கும் திருமுழுக்குச் செல்லாது என நிறுவுவதே அம்மடலின் நோக்கம். ஏறக்குறைய அதே காலத்தில் ஒரிஜனும், எரிகோ நகர் வீழ்ந்தபோது இராகாபின் வீட்டிலிருந்தோர் மட்டும் தப்பியதைத் திருச்சபைக்கு உருவகமாகக் காட்டி, அவ்வீட்டுக்கு வெளியே எவரும் மீட்படைவதில்லை என மறையுரையாற்றினார்.

இதில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, சிப்ரியானின் சொற்கள் கிறித்தவர்களை நோக்கியவை. சந்தைத் தெருவில் நடமாடிய பிற சமயத்தாரைப் பற்றி அவர் அங்கு பேசவில்லை. துன்புறுத்தப்பட்ட சிறுபான்மைக் குழு சிதறிவிடாமல் காக்க முயன்ற ஓர் ஆயரின் எச்சரிக்கை அது. அவரும் 258இல் தலை வெட்டப்பட்டு இறந்தார். இரண்டாவது, அவ்வாக்கியத்தைக் கொண்டு அவர் நிறுவ முயன்ற கருத்தைத் திருச்சபை ஏற்கவில்லை. பிரிந்தவர்கள் அளித்த திருமுழுக்கும் செல்லும் என்ற திருத்தந்தை முதலாம் ஸ்தேவானின் நிலைப்பாடே பின்னர் நிலைபெற்றது. வாதம் தோற்றது, அதற்குத் துணையாக வந்த வாக்கியம் நிலைத்தது.

அரச சமயமான பின்

313இல் கிறித்தவத்துக்குச் சட்டப்படியான உரிமை கிடைத்தது. 380இல் பேரரசர் தியோடோசியுஸ் காலத்தில் அது பேரரசின் சமயமாக அறிவிக்கப்பட்டது. உரோமை உலகில் நற்செய்தி எங்கும் எட்டிவிட்டது என்ற எண்ணம் பரவியது. இதற்குப் பிறகும் வெளியே நிற்பவர் அறியாமையால் நிற்கவில்லை, வேண்டுமென்றே மறுக்கிறார் எனக் கருதப்பட்டது. எச்சரிக்கை தீர்ப்பாக மாறியது இக்காலத்தில்தான்.

புனித அகுஸ்தீனிடம் இரு போக்குகளும் காணப்படுகின்றன. வெளியே இருப்பவராகத் தோன்றும் பலர் உள்ளே இருக்கிறார்கள் என்றும், உள்ளே இருப்பவராகத் தோன்றும் பலர் வெளியே இருக்கிறார்கள் என்றும் அவர் எழுதினார். ஆனால் பெலாஜியுஸ் என்பவரின் கொள்கைக்கு எதிராக எழுதிய பிற்கால நூல்களில் அவரது பார்வை கடுமையானது. பிறப்புநிலைப் பாவத்தால் மனித இனம் முழுவதும் தண்டனைக்குரியது, அதிலிருந்து சிலரைக் கடவுள் தம் இரக்கத்தால் தெரிந்தெடுக்கிறார் என்றார். கடவுள் எல்லாரும் மீட்படைய விரும்புகிறார் என்ற திருமுகச் சொற்களில் "எல்லாரும்" என்பதற்கு "எல்லா வகையினரும்" எனப் பொருள் கொண்டார். திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகளுக்கும் மிக மென்மையானதாயினும் தண்டனை உண்டு என்றார்.

அகுஸ்தீனைப் போற்றிய அக்குவித்தானியா நாட்டுப் புரோஸ்பர் இதில் அவரோடு நிற்கவில்லை. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் எல்லா இனத்தாரின் அழைப்பு பற்றி எழுதிய நூலில், கடவுளின் அருள் எக்காலத்திலும் எம்மக்களுக்கும் ஏதோ ஓர் அளவில் வழங்கப்பட்டு வந்துள்ளது என வாதிட்டார். ஆனால் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ருஸ்பே நகர ஆயர் புல்ஜென்சியுஸ், பிற சமயத்தார், யூதர், தப்பறைக் கொள்கையர், பிரிவினையாளர் ஆகிய அனைவரும் முடிவில்லா நெருப்புக்கே செல்வர் என எவ்விதத் தளர்வுமின்றி எழுதினார். இடைக்காலத்தில் அவரது நூல் அகுஸ்தீனுடையது எனத் தவறாகக் கருதப்பட்டதால் அதற்குப் பெரும் மதிப்பு ஏற்பட்டது.

இடைக்காலச் சங்கங்களும் சிந்தனையாளரும்

1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், ஒரே பொதுத் திருச்சபைக்கு வெளியே எவரும் மீட்படைவதில்லை எனத் தன் நம்பிக்கை அறிக்கையில் சேர்த்தது. 1302இல் பிரான்சின் மன்னர் நான்காம் பிலிப்புடன் அதிகாரப் போட்டியில் ஈடுபட்டிருந்த திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ், உரோமை ஆயருக்குப் பணிந்திருப்பது மீட்புக்கு இன்றியமையாதது என அறிவித்தார். 1442இல் எகிப்தின் கோப்த்துத் திருச்சபையுடன் ஒன்றிப்பு நாடிய புளோரன்சு சங்கத்தின் ஆணை, புல்ஜென்சியுசின் சொற்களை ஏறக்குறைய அப்படியே எடுத்தாண்டது. இம்மூன்றும் இக்கொள்கையின் மிகக் கடுமையான வடிவங்களாகக் கருதப்படுகின்றன.

இதே காலத்தில் வேறு சிந்தனைகளும் வளர்ந்தன. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனஸ், திருமுழுக்கு நீரைப் பெறும் முன்பே அதன்மேல் கொண்ட விருப்பத்தால் ஒருவர் அதன் பயனை அடையலாம் என விளக்கினார். காட்டில் தனியே வளர்ந்து நற்செய்தியைக் கேள்வியே படாத ஒருவர் தம் இயல்பறிவின்படி நன்மையை நாடினால், கடவுள் அவருக்கு உள்தூண்டுதல் வழியாகவோ ஒரு போதகரை அனுப்பியோ உண்மையை வெளிப்படுத்துவார் என்றும் கூறினார்.

தாந்தே தம் "தெய்வீக நாடகம்" காப்பியத்தில் வெர்ஜில் போன்ற நல்லோரான பழங்காலக் கவிஞர்களை நரகத்தின் விளிம்பில், துன்புறுத்தல் இல்லாத ஆனால் நம்பிக்கையும் இல்லாத ஓரிடத்தில் வைத்தார். எனினும் அதே காப்பியத்தின் விண்ணகப் பகுதியில், சிந்து நதிக்கரையில் பிறந்து கிறிஸ்துவைப் பற்றிக் கேட்கவே வாய்ப்பில்லாமல் நல்வாழ்வு வாழ்ந்து இறந்தவரைத் தண்டிப்பது என்ன நீதி என்ற கேள்வி எழுப்பப்படுகிறது. அதற்கு நேரடியான விடை அங்கு தரப்படவில்லை. ஆனால் கிறித்தவர் அல்லாத உரோமைப் பேரரசர் திராயானும், திராய் நகரத்து வீரன் ரிஃபேயுசும் விண்ணகத்தில் இருப்பதாகத் தாந்தே அடுத்துக் காட்டுகிறார்.

எளிய குடும்பங்களில் இக்கொள்கை

இக்கொள்கையின் சுமை அறிஞர்களைவிடப் பெற்றோர்கள் மேல் கூடுதலாக விழுந்தது. பிறந்தவுடன் இறந்த குழந்தை திருமுழுக்குப் பெறாவிட்டால் விண்ணகம் செல்லாது எனக் கற்பிக்கப்பட்டது. அகுஸ்தீன் கூறிய தண்டனையை மென்மைப்படுத்திய இடைக்கால இறையியலாளர்கள், அக்குழந்தைகள் துன்பமின்றி, ஆனால் கடவுளைக் காணும் பேறின்றி "லிம்போ" என்ற நிலையில் இருப்பர் என்றனர்.

அத்தகைய குழந்தைகளை மந்திரிக்கப்பட்ட கல்லறை நிலத்தில் புதைக்க அனுமதி இல்லை. அயர்லாந்தில் அவர்களுக்கெனத் தனிப் புதைகாடுகள் இருந்தன. வயல் ஓரங்களிலும் கைவிடப்பட்ட பழைய கோவில்களின் அருகிலும் காணப்படும் இவ்விடங்கள் 20ஆம் நூற்றாண்டு வரை பயன்பாட்டில் இருந்தன. பிரான்சு, ஆல்ப்ஸ் மலைப்பகுதி ஆகிய இடங்களில், இறந்து பிறந்த குழந்தைகளைப் பெற்றோர் சில திருத்தலங்களுக்குத் தூக்கிச் சென்றனர். குழந்தையின் உடலில் ஒரு நொடி உயிரின் அடையாளம் தெரிந்ததாகக் கூறப்பட்டால் உடனே திருமுழுக்கு அளித்து முறைப்படி அடக்கம் செய்தனர். உரோமை இப்பழக்கத்தைக் கண்டித்தும் பல இடங்களில் அது 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது.

கடல்வழிகள் திறந்தபோது

1492க்குப் பின் ஐரோப்பியரின் உலகப்படம் விரிந்தது. இயேசுவுக்குப் பின் பதினைந்து நூற்றாண்டுகளாக நற்செய்தியைக் கேட்காமலேயே ஒரு கண்டம் முழுவதும் மக்கள் வாழ்ந்து இறந்துள்ளனர் என்பது தெரிந்தது. நற்செய்தி எங்கும் எட்டிவிட்டது என்ற பழைய எண்ணம் இதனால் தகர்ந்தது.

எசுப்பானியாவின் சலமன்கா பல்கலைக்கழகத்தில் கற்பித்த தொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, 1539இல் அமெரிக்கப் பூர்வகுடிகள் பற்றி ஆற்றிய விரிவுரைகளில் இதை ஆராய்ந்தார். கிறிஸ்துவைப் பற்றிக் கேட்காதவரிடம் நம்ப மறுத்த பாவம் இல்லை என்றார். வெறுமனே அறிவித்துவிட்டால் போதாது என்றும், நம்பத்தக்க சான்றும் நல்வாழ்வின் எடுத்துக்காட்டும் இன்றி அறிவிக்கப்பட்ட நற்செய்தியை ஏற்க அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்றும் கூறினார். எசுப்பானியரிடமிருந்து அம்மக்கள் கண்டவை பெரும்பாலும் கொடுஞ்செயல்களே என்பதையும் அவர் சுட்டினார். 1547இல் திரெந்துப் பொதுச்சங்கம், திருமுழுக்கோ அதன்மேல் கொண்ட விருப்பமோ தேவை எனக் கூறி, விருப்பத்தின் வழியையும் திறந்து வைத்தது.

இதே காலத்தில் இயேசு சபையைச் சேர்ந்த புனித பிரான்சிஸ் சவேரியார் ஆசியாவில் பணியாற்றினார். 1542இல் கோவா வந்த அவர், முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே உழைத்தபின், 1549இல் ஜப்பான் சென்றார். அங்குத் திருமுழுக்குப் பெற்றவர்கள் தம் முன்னோரின் நிலை என்னவென்று அவரிடம் கேட்டனர். நரகத்திலிருந்து அவர்களை மீட்க வழியில்லை என அவர் விடையளித்தார். தம் பெற்றோரையும் உற்றாரையும் நினைத்து அம்மக்கள் அழுததையும், பரிகாரமற்ற ஒன்றுக்காக அவர்கள் அழுவதைக் கண்டு தாமும் வருந்தியதையும் 1552 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் சவேரியார் பதிவு செய்துள்ளார்.

கடவுள் நல்லவர் என்றால் இத்தனை காலம் தங்களுக்கு ஏன் தம்மை வெளிப்படுத்தவில்லை என்றும் ஜப்பானியர் கேட்டனர். கொலை, களவு முதலியவை தீமை என்பதை எவரும் கற்பிக்காமலேயே மனிதர் அறிவர். அவ்வறிவைப் படைத்தவரே எல்லா மக்களின் உள்ளத்திலும் எழுதியுள்ளார் என்பது சவேரியாரின் மறுமொழி. முன்னோர்க்கு வழியில்லை என்ற தீர்ப்பும், கடவுள் அவர்களோடும் பேசியிருந்தார் என்ற ஏற்பும் ஒரே மடலில் அருகருகே இடம்பெறுகின்றன.

சீர்திருத்த மரபுகளில்

16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டுப் பிரிந்த மரபுகளும் இவ்வாக்கியத்தை விட்டுவிடவில்லை. திருச்சபை என்பது எது என்பதில் வேறுபட்டாலும், அதன் மடிக்கு வெளியே பாவமன்னிப்பை எதிர்பார்க்க இயலாது என்றே ஜான் கால்வினும் எழுதினார். சுவிட்சர்லாந்தின் உல்ரிச் சுவிங்லி இதற்கு விதிவிலக்கு. பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சிசுக்கு எழுதிய நம்பிக்கை விளக்கத்தில், விண்ணகத்தில் சாக்ரடீசு போன்றோரையும் காணலாம் என அவர் கூறினார். மார்ட்டின் லூதர் இதைக் கடுமையாகக் கண்டித்தார். 17ஆம் நூற்றாண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் நம்பிக்கை அறிக்கை, திருச்சபைக்கு வெளியே மீட்படைய இயல்பான வழி இல்லை என்று மட்டும் கூறியது. "இயல்பான" என்ற அடைமொழி, கடவுள் தாம் விரும்பும் வேறு வழியில் செயல்படலாம் என்பதற்கு இடம் விட்டது.

கடுமைக்கு எதிரான தீர்ப்புகள்

17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பரவிய ஜான்சனியம் என்ற இயக்கம், அகுஸ்தீனின் கடுமையான பகுதிகளை மேலும் இறுக்கியது. கிறிஸ்து எல்லா மனிதருக்காகவும் இறந்தார் எனக் கூறுவது தவறு என்ற கருத்தைத் திருத்தந்தை பத்தாம் இன்னசெண்ட் 1653இல் கண்டித்தார். திருச்சபைக்கு வெளியே அருள் எதுவும் வழங்கப்படுவதில்லை என்ற கருத்தைப் பதினொன்றாம் கிளமெண்ட் 1713இல் கண்டனத்துக்குரிய கூற்றுகளின் பட்டியலில் சேர்த்தார்.

இத்தீர்ப்பு முக்கியமானது. மீட்பு இல்லை என்ற வாக்கியத்தில் "மீட்பு" என்ற இடத்தில் "அருள்" என்ற சொல்லை வைத்தவுடன் உரோமை அதைத் தப்பறை என்றது. வெளியே அருள் செயல்படுகிறது என்றால், அவ்வருள் எங்கே கொண்டு சேர்க்கும் என்ற கேள்வி தவிர்க்க முடியாததாயிற்று.

1863இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அதற்கு ஒரு விடை தந்தார். தம் தவறின்றித் திருச்சபையை அறியாதவர்கள், உள்ளத்தில் எழுதப்பட்ட இயற்கைச் சட்டத்தின்படி நேர்மையாக வாழ்ந்தால், இறையருளின் துணையால் நிலைவாழ்வு அடைய முடியும் என்றார். அதே சுற்றுமடலில் திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்ற வாக்கியத்தையும் மீண்டும் உறுதிப்படுத்தினார். எல்லாச் சமயங்களும் ஒன்றே என்ற கருத்தை அவர் அடுத்த ஆண்டே கண்டித்தார் என்பதும் கருதத்தக்கது.

பாஸ்டன் வழக்கு

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அருகே புனித பெனடிக்ட் மையம் என்ற கத்தோலிக்க மாணவர் மையம் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அதை வழிநடத்திய இயேசு சபைக் குரு லெனார்ட் ஃபீனி, இவ்வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் நேராகக் கொள்ளவேண்டும் எனப் போதித்தார். கத்தோலிக்கர் அல்லாதோர் எவரும் மீட்படைய இயலாது என்றும், பேராயரும் பிறரும் கொள்கையை நீர்த்துப்போகச் செய்கிறார்கள் என்றும் குற்றஞ்சாட்டினார். யூதர்களுக்கு எதிராகப் பொது இடத்தில் கடுமொழி பேசினார். அப்போதைய பாஸ்டன் பேராயர் ரிச்சர்ட் குஷிங்கின் சகோதரி யூதர் ஒருவரை மணந்திருந்தார்.

1949 ஆகஸ்டில் வத்திக்கானின் கொள்கைப் பேராயம் குஷிங்குக்கு ஒரு மடல் அனுப்பியது. ஒருவர் மீட்படையத் திருச்சபையின் வெளிப்படையான உறுப்பினராக இருப்பது எப்போதும் கட்டாயம் அன்று. விருப்பத்தாலும் ஏக்கத்தாலும் அதனோடு இணைந்திருந்தால் போதும். அவ்விருப்பம் அவரே அறியாததாகவும், கடவுளின் திருவுளத்துக்கு ஏற்ப வாழவேண்டும் என்ற நல்மனத்தில் அடங்கியதாகவும் இருக்கலாம் என அம்மடல் விளக்கியது. அவ்விருப்பம் அன்பாலும் நம்பிக்கையாலும் உயிர்பெற்றிருக்க வேண்டும் என்ற வரம்பையும் சேர்த்தது.

ஃபீனி இதை ஏற்கவில்லை. உரோமைக்கு வருமாறு விடுக்கப்பட்ட அழைப்பையும் மறுத்ததால் 1953 பிப்ரவரியில் அவர் திருச்சபையின் ஒன்றிப்பிலிருந்து நீக்கப்பட்டார். திருச்சபைக்கு வெளியே எவருக்கும் வழியில்லை என்றவர், அத்திருச்சபையாலேயே வெளியே நிறுத்தப்பட்டார். 1972இல் அவர் மீண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டார், 1978இல் இறந்தார்.

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம்

இக்கேள்வியின் பின்னணியில் ஐரோப்பிய யூதர்களின் படுகொலை நிழலாக இருந்தது. பிரெஞ்சு யூத வரலாற்றாளர் ஜூல் இசாக் தம் மனைவியையும் மகளையும் ஆஷ்விட்ஸ் முகாமில் இழந்தவர். கிறித்தவ மறைக்கல்வி நூற்றாண்டுக் கணக்கில் யூதர்மீது வெறுப்பை வளர்த்தது என அவர் நூல்களில் எடுத்துக்காட்டினார். 1960 ஜூனில் அவர் திருத்தந்தை இருபத்திமூன்றாம் யோவானைச் சந்தித்தார். அதற்கு முந்தைய ஆண்டே புனித வெள்ளி மன்றாட்டிலிருந்து யூதரை இழிவுபடுத்தும் சொல்லை நீக்கியிருந்த திருத்தந்தை, வரவிருந்த பொதுச்சங்கத்தில் யூதருடனான உறவு பற்றி ஆராய ஏற்பாடு செய்தார்.

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தின் மூன்று ஏடுகள் இக்கொள்கையின் வரலாற்றில் திருப்பமாக அமைந்தன.

1964 நவம்பரில் 2151 வாக்குகளுடன், ஐந்தே எதிர்வாக்குகள் பெற்று நிறைவேறிய "திருச்சபை" பற்றிய கொள்கைத்திரட்டு, திருச்சபை மீட்புக்குத் தேவை என்பதை மீண்டும் கூறியது. ஆனால் திருச்சபை தேவை என அறிந்தும் அதில் சேரவோ நிலைத்திருக்கவோ மறுப்பவரையே அது மீட்படைய இயலாதவர் எனக் குறிப்பிட்டது. இது வாக்கியத்தைச் சிப்ரியானின் பழைய சூழலுக்கு அருகில் கொண்டுசென்றது எனலாம். யூதர், இசுலாமியர், அறியாத கடவுளை நிழல்களில் தேடுவோர், கடவுளை வெளிப்படையாக அறியாமலேயே நல்வாழ்வு வாழ முயல்வோர் ஆகிய அனைவரையும் மீட்புத் திட்டத்துக்கு உட்பட்டவர்களாக அது கண்டது.

1965 அக்டோபரில் 2221 ஆதரவு வாக்குகளும் 88 எதிர்வாக்குகளும் பெற்ற "கிறித்தவமல்லாச் சமயங்கள்" பற்றிய அறிக்கை, இந்து, பௌத்தம் முதலிய சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என அறிவித்தது. இயேசுவின் சாவுக்கு அன்றைய யூதர் அனைவர் மேலோ இன்றைய யூதர்மேலோ பழி சுமத்தக்கூடாது என்றது. அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த "இன்றைய உலகில் திருச்சபை", கிறிஸ்துவின் சாவிலும் உயிர்ப்பிலும் பங்குபெறும் வாய்ப்பைக் கடவுளுக்கு மட்டுமே தெரிந்த வகையில் தூய ஆவி எல்லாருக்கும் அளிக்கிறார் எனக் கற்பித்தது.

பிந்தைய விவாதங்கள்

பொதுச்சங்கத்தின் விளக்கம் புதிய கேள்விகளை எழுப்பியது. செருமானிய இறையியலாளர் கார்ல் ரானர், கிறிஸ்துவை அறியாமலேயே அவரது அருளில் வாழ்பவரைப் "பெயரறியாக் கிறித்தவர்" என அழைத்தார். இது பிற சமயத்தாரை அவர்கள் விரும்பாத பெயரால் அழைப்பதாகும் எனச் சிலரும், கிறித்தவ நம்பிக்கையின் கூர்மையை மழுக்குகிறது என வேறு சிலரும் குறைகூறினர். தம்மை ரானர் பெயரறியாக் கிறித்தவர் எனக் கருதினால், ரானரைத் தாம் பெயரறியா ஜென் பௌத்தர் எனக் கருதலாமா என ஜப்பானிய மெய்யியலாளர் நிஷிதானி கெய்ஜி கேட்டார். அதைத் தமக்குப் பெருமையாகவே கொள்வதாக ரானர் விடையளித்தார்.

இந்தியத் தொடர்புடைய இருவரும் இவ்விவாதத்தில் குறிப்பிடத்தக்கவர்கள். கேரளத்தைச் சேர்ந்த இந்துத் தந்தைக்கும் கட்டலோனியக் கத்தோலிக்கத் தாய்க்கும் பிறந்த ரைமோன் பணிக்கர், இந்து சமயத்தில் கிறிஸ்து அறியப்படாமல் உள்ளார் என்ற கருத்தை 1964இல் நூலாக வெளியிட்டார். இந்தியாவில் முப்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்த பெல்ஜிய இயேசு சபைக் குரு ஜாக் துப்புயி, பிற சமயங்களுக்கும் கடவுளின் மீட்புத் திட்டத்தில் இடமுண்டு என 1997இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். வத்திக்கான் அந்நூலை ஆராய்ந்து, அதில் வாசகரைத் தவறான புரிதலுக்கு இட்டுச்செல்லக்கூடிய தெளிவின்மைகள் உள்ளன என 2001இல் அறிவித்தது.

அதற்கு முன், 2000 ஆகஸ்டில் கர்தினால் யோசேப்பு ராட்சிங்கர் கையொப்பமிட்ட அறிக்கை, கிறிஸ்து ஒருவரே எல்லாருக்கும் மீட்பர் என்பதை வலியுறுத்தியது. எல்லாச் சமயங்களும் சம மதிப்புடைய மீட்பு வழிகள் என்பதை அது மறுத்தது. கத்தோலிக்கத்துக்கு வெளியே, 1974இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கூடிய நற்செய்தி இயக்கத்தாரின் மாநாடும் கிறிஸ்துவின் தனித்தன்மையை அழுத்தமாக அறிக்கையிட்டது.

அனைவருக்கும் கடவுள் வழி திறந்துள்ளார் என்றால் மறைப்பணி எதற்கு என்ற கேள்வியும் தொடர்ந்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990இல் வெளியிட்ட சுற்றுமடலில், மீட்பின் வாய்ப்பு எல்லாருக்கும் உண்டு என்பதும் நற்செய்தியை அறிவிக்கும் கடமையும் ஒன்றையொன்று விலக்குவதில்லை என விளக்கினார்.

இன்றைய நிலை

1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இவ்வாக்கியத்தை இன்னும் கொண்டுள்ளது. ஆனால் அதை எதிர்மறையாக விடாமல், எல்லா மீட்பும் தலையாகிய கிறிஸ்துவிடமிருந்து அவரது உடலாகிய திருச்சபை வழியாக வருகிறது என நேர்முறையில் விளக்குகிறது. இதன்படி, யார் வெளியே எனக் கணக்கெடுப்பது வாக்கியத்தின் வேலை அன்று; மீட்பு எங்கிருந்து வருகிறது எனச் சொல்வதே அதன் வேலை. இது பொருளின் வளர்ச்சியே எனத் திருச்சபை கருதுகிறது. புளோரன்சு சங்கத்தின் சொற்களோடு ஒப்பிட்டு, இது வெளிப்படையான மாற்றம் என்போரும் உள்ளனர். மாற்றத்தை வரவேற்போரும் எதிர்ப்போரும் இக்கருத்தில் ஒன்றுபடுகின்றனர்.

குழந்தைகள் பற்றிய கேள்விக்கு விடை மிகத் தாமதமாக வந்தது. திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளைத் திருச்சபை கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது என மறைக்கல்வி நூல் கூறியது. 2007இல் பன்னாட்டு இறையியல் ஆணையம் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டின் ஒப்புதலுடன் வெளியிட்ட ஆய்வறிக்கை, லிம்போ என்பது திருச்சபையால் வரையறுக்கப்பட்ட நம்பிக்கைக் கோட்பாடு அன்று எனத் தெளிவாக்கியது. அக்குழந்தைகள் மீட்படைவர் என எதிர்நோக்குவதற்கு வலுவான காரணங்கள் உள்ளன என்றும் கூறியது. அதற்கு அடிப்படையாக அது எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று, எல்லா மனிதரும் மீட்புப் பெறவேண்டும் என்ற கடவுளின் விருப்பம். அகுஸ்தீன் "எல்லா வகையினரும்" எனச் சுருக்கிய அச்சொல்லை, அவ்வறிக்கை "எல்லாரும்" என்றே வாசித்தது.